மண்டியிடாத வீடு

லூபே எங்கள் ஊருக்கு மருமகளாக வருவதற்கு முன்பே அவள் குரல் வந்து சேர்ந்திருந்தது. எங்கள் தீவு நாட்டின் தலைநகரான ஆப்பியாவின் வானொலி ஒன்றில் காலைச் செய்தியும் அதன் பின் மரண அறிவிப்பும் வாசித்தவள் அவள்தான். எங்கள் நாட்டில் ஒருவன் மூச்சு நின்றதும் சாவதில்லை. வானொலியில் பெயர் வந்த பிறகுதான் சாகிறான். அதனால் எங்கள் ஊர்க்காரன் எலியா அவளைக் கட்டிக்கொண்டு வைலோதோவுக்கு வந்த அன்று, அந்தக் குரல் எந்த உடம்பிலிருந்து வருகிறது என்று பார்க்க ஊரே என் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, வாழைத்தார் தூக்கக்கூடத் தெம்பில்லாதவளாக ஒருத்தி பேருந்திலிருந்து இறங்கினாள்.

"இதுலேர்ந்தா அந்தச் சத்தம் வந்துச்சு?" என்றாள் எலியாவின் அக்கா செலூ. எல்லாரும் சிரித்தார்கள். லூபேயும் சிரித்தாள். அதோடு அவள் குரல் எங்கள் ஊரில் அடங்கிவிட்டது.

வேறு ஊரிலிருந்து வாழ வந்தவளை நாங்கள் நோஃபோதானே என்போம். அவள் படித்தவளோ படிக்காதவளோ, ஊர்க்காரியத்தில் வாய் திறக்கக் கூடாது. கறிப்பலா சுடலாம், பாத்திரம் கழுவலாம், மாதர் சங்கக் கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பின்பக்கமாக நகரலாம். நான், கடைக்காரி சூசனா, இந்த ஊரில் பிறந்தவள். எனக்கு வாய் உண்டு. கொஞ்சம் நீளமான வாய் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வானொலி வேலையை அவள் விட்ட கதையை ஒருநாள் கடைத் திண்டில் உட்கார்ந்து அவளே சொன்னாள். யாரோ தொலைபேசியில் சொன்னார்கள் என்று ஒரு மீனவனின் பெயரை மரண அறிவிப்பில் வாசித்துவிட்டாள். நாலு திசையிலிருந்தும் சொந்தக்காரர்கள் சாவுச் சீராகப் பன்றியும் பாயும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியபோது, அந்த ஆள் கடலிலிருந்து மீன் கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்தானாம். மறுநாள் வானொலி நிலையத்துக்கே வந்து நின்றிருக்கிறான்.

"அம்மா, செத்தவன் வந்திருக்கேன். அடக்கம் எப்பன்னு அதையும் நீங்களே வாசிச்சிடுங்க" என்று கேட்டானாம்.

சொல்லிவிட்டு அவளால் சிரிக்க முடியவில்லை. "அக்கா, ஒரே ஒரு ஃபோன் போட்டு அந்த வீட்ல கேட்டிருந்தா போதும். நான் கேக்கல. அந்தாளோட அம்மாவுக்கு அன்னைக்கு விழுந்த கை கால் அப்புறம் எழுந்திருக்கவே இல்ல" என்றாள்.

அந்த ஒரு தவறுதான் அவள் பிழைப்பை மாற்றியது. செய்தியைச் சோதித்துப் பார்க்க மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு அமைப்பில் சேர்ந்தாள். வாரத்தில் பாதி நாள் பேருந்திலும் படகிலும் கழியும். பள்ளிக்கூட வாத்தியார்கள், தேவாலயத்து வாலிபர்கள், மருத்துவமனைத் தாதிகள் என்று யாரையாவது உட்காரவைத்து, ஃபோனில் வருவதை எப்படிப் பார்ப்பது, எப்போது நம்புவது என்று பாடம் நடத்துவாள். அங்கெல்லாம் அவளை 'டீச்சர்' என்று கூப்பிட்டு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் செலூவின் சட்டிகளைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள்.

எங்கள் ஊரிலும் ஒரு வகுப்பு நடந்தது. போதகரின் மனைவி கேட்டுக்கொண்டதால் செலூ தலையாட்டினாள், அவள்தான் மாதர் சங்கத் தலைவி. தேங்காய்ப்பால் ரொட்டி தருவார்கள் என்று தெரிந்ததால் பெண்கள் வந்தார்கள். ரொட்டி தீர்ந்ததும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேரில் சிலர் தூங்கினார்கள். லூபே சொன்னது ரொம்ப எளிமையான விஷயம். இதை முதலில் சொன்னது யார் என்று கேள். இது முழுசா, நறுக்கினதா என்று பார். பதில் தெரியாவிட்டால் ஒரு ராத்திரி பொறு. தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னதைத்தான் சொன்னாள், வேறு புதிதாக ஒன்றும் இல்லை.

அதைக் கடைசி வரை கண் கொட்டாமல் கேட்டவள் எசேத்தா ஒருத்திதான். மீனவர் பௌலோவின் மனைவி. அவர்கள் மகன் ஃபெரேதி ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறிக்கப் போயிருந்தான். அந்த வகுப்புக்குப் பிறகு எசேத்தாவோடு வியாபாரம் செய்வதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. மீன் டின் விலை ஏறப்போகிறது என்று சொன்னால் போதும்.

"யார் மொதல்ல சொன்னது?" என்பாள்.

"நான்தான்டி சொல்றேன், கடைக்காரி."

"உனக்கு யார் சொன்னது?"

எரிச்சலாக வரும். ஆனால் லூபே இதைக் கேட்டு முகம் மலர்ந்து நிற்பதைப் பார்த்தால் என் எரிச்சல் போய்விடும். ஒரு ஊருக்கு ஒரு ஆள் போதும் அக்கா, அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பாள். அந்த ஒரு ஆளைத்தான் நாங்கள் இழந்தோம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊர் முழுக்க எல்லா ஃபோனிலும் ஒரு குரல் வந்தது. ஃபெரேதியின் குரல். யாருக்கும் சந்தேகமில்லை, அந்தக் கரகரப்பு அவனுடையதுதான். 'இவன் தலைவனாம்! இவன் பட்டம் எங்கேருந்து வந்துச்சு? இவன் தாத்தா எவன்னு இவன் பாட்டிக்கே தெரியாது' என்று அந்தக் குரல் பேசிச் சிரித்தது. மேலே எங்கள் பெரிய தலைவரின் பெயரை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவனை அடித்தால்கூட ஆறும். அவன் வம்சத்தைச் சொல்லி இழித்தால் ஆறாது.

ஆறுவதற்கு ஒரே வழிதான் உண்டு. அதை இஃபோங்கா என்போம். குற்றம் செய்தவனின் குடும்பம், வீட்டில் உள்ளதிலேயே மேலான நுண்பாயை, தாழை ஓலையைப் பட்டுபோலக் கிழித்துப் பெண்கள் வருஷக்கணக்கில் பின்னிய பாயை, எடுத்துக்கொண்டு விடியும் முன்னே போக வேண்டும். புண்பட்டவர் வாசலில் மண்டியிட்டு, பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். அவர் வெளியே வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எவ்வளவு பெரிய குற்றமும் அதோடு தீர்ந்தது, பிறகு யாரும் அதைப் பேசக் கூடாது.

ஞாயிறு மதியம் நான் எசேத்தா வீட்டுக்கு ரொட்டி கொண்டு போனபோது பௌலோ பெட்டியிலிருந்து பாயை எடுத்து மடியில் வைத்திருந்தார். லூபே வாசல் தூணோடு ஒட்டி நின்றிருந்தாள். ஃபெரேதியோடு பேசிவிட்டாளாம். அது பேய்க்கூத்தில் அவன் பேசியதாம்.

பேய்க்கூத்து என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. கூத்தில் கோமாளி பேசுவது மனிதன் பேச்சல்ல, பேயின் பேச்சு. அவன் எந்தத் தலைவரை எப்படிக் கிழித்தாலும் குற்றமில்லை. கிழிபட்ட தலைவரே முன்வரிசையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பார். தோட்டத்துப் பையன்கள் ஓய்வு நாளில் கூத்துப் போட்டிருக்கிறார்கள். ஃபெரேதி கோமாளி, எதிரே இருந்தவன் பேரில்லாத ஒரு கூத்துத் தலைவன். எவனோ அதில் குரலை மட்டும் நறுக்கி, எங்கள் தலைவர் பெயரை ஒட்டி அனுப்பிவிட்டான்.

"முழு வீடியோ எடுத்த பையன் வேற தோட்டத்துக்கு மாறிப் போயிருக்கான். அங்க சிக்னல் இல்ல. நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துடும்" என்றாள் லூபே.

"விடியக்காலைல போகணும்மா. நாளைக்குக் காலைல தலைவருங்க கூடித் தீர்ப்பு சொல்லிடுவாங்க" என்றார் பௌலோ.

"மாமா, நீங்க பாயப் போத்திக்கிட்டு உக்காந்தா, அவன் சொன்னது உண்மைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் வீடியோ வந்து என்ன, வராம என்ன? ஃபெரேதி திரும்பி வந்தா காலம் பூரா அந்தப் பேரோடதான் நடக்கணும்."

"உண்மையோ பொய்யோ, அவரு மனசு புண்ணாயிருக்கு. காயத்துக்குக் கட்டுப் போடறப்ப கத்தி யாருதுன்னு கேட்டுக்கிட்டா இருப்பாங்க?"

எசேத்தா எழுந்து போய்ப் பாயை அவர் மடியிலிருந்து எடுத்தாள். அதைப் பின்னியவள் அவள்தான். "எம்புள்ள சொல்லாத சொல்லுக்கு நான் ஏங்க தலை குனியணும்? ஒரு ராத்திரிதானே. பொறுத்துப் பாப்போம்" என்றாள்.

பௌலோ என்னைப் பார்த்தார். லூபே சொல்வதில் என்ன தப்பு என்றுதான் எனக்கும் பட்டது. பாய் மறுபடி பெட்டிக்குள் போனது.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னே நான் ரொட்டி அடுப்பு மூட்ட எழுந்தபோது பெரிய தலைவரின் வீட்டில் விளக்கு எரிந்தது. சுவரில்லாத வீடு, சாலையிலிருந்தே எல்லாம் தெரியும். அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, முன் தூணருகே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்கட்டில் அவர் மனைவி பெரிய பானையில் கோக்கோக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்கு அவ்வளவு பெரிய பானை எதற்கு? வருகிறவர்களை மன்னித்து உட்காரவைத்துக் கொடுக்கத்தான் அந்தக் கஞ்சி. கெட்ட மனுஷன் இல்லை அவர். அதுதான் என்னை இன்றைக்கும் வாட்டுகிறது.

கறிப்பலா மரத்துக்கு மேலே வெயில் ஏறியது. வாசல் காலியாகவே கிடந்தது. அவர் எழுந்து கூட்டத்துக்குப் போனார்.

லூபே எலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க உள்ள போறீங்கல்ல. ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரி வரைக்கும் தள்ளி வைக்கச் சொல்லுங்க."

"நான் தலைவருங்க குடிக்கக் காவா வேரைக் கலக்கிக் கொடுக்கப் போறேன்டி. தலைவர் பட்டம் இல்லாதவன் அங்க வாயத் தொறந்தா நம்ம வீட்டையும் சேத்துத் தூக்கிடுவாங்க."

நான் செலூவிடம் போனேன். மாதர் சங்கம் போய் நின்றால் தலைவர்கள் காது கொடுப்பார்கள். விஷயத்தைச் சொன்னேன். செலூ தாழை ஓலையைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"இது உன் பேச்சா, என் தம்பி பொண்டாட்டி பேச்சா?"

"யார் பேச்சா இருந்தா என்ன, உண்மையாச்சே."

"அவ டவுன்ல ஆயிரம் பேருக்குப் பாடம் எடுக்கட்டும். இங்க அவ சட்டி கழுவ வந்தவ. நீ ஊர்ல பொறந்தவ, உன் வாய அவளுக்கு இரவல் கொடுக்காத."

கூட்டம் மதியத்துக்குள் முடிந்தது. பௌலோவின் குடும்பம் மாலை ஜெபத்துக்கு முன் ஊரை விட்டுப் போக வேண்டும். இளவட்டங்கள் போய் அவர்கள் பன்றிகளைச் சுட்டுக் கொன்றார்கள், சேம்புத் தோட்டத்தை வெட்டிச் சாய்த்தார்கள். எலியாவும் வெட்டினான், அவன் போகாமலிருக்க முடியாது. அவன் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவன் மனைவி அதே வீட்டுக்குள் எசேத்தாவின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பௌலோ லூபேயை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். லாரியில் ஏறிய பிறகு எசேத்தாதான் குனிந்து, "வீடியோ வந்ததும் சொல்லு. வந்துடறோம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அது வந்தது. ஃபெரேதி கவுன் மாட்டிக்கொண்டு, இடுப்பில் தலையணை கட்டி, வறுக்கும் சட்டியால் விசிறிக்கொண்டு ஆடுகிறான். கூத்துத் தலைவன் ஒரு வாளிமேல் உட்கார்ந்திருக்கிறான். சுற்றிலும் பையன்கள் உருண்டு சிரிக்கிறார்கள். எங்கள் தலைவரின் பெயர் எங்கேயும் இல்லை.

லூபே அதைப் போதகரிடம் கொண்டு போனாள். அவர் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பாவம் அந்தக் குடும்பம். ஆனா ஜெபம் பண்ணி, காவா குடிச்சு முடிவெடுத்தாச்சேம்மா. அத எப்படித் திருப்பறது?" என்றார். அவள் விடாமல் நச்சரித்ததில் அவரே பெரிய தலைவரிடம் போய்க் காட்டினார். திரும்பி வந்து தலைவர் சொன்னதை அப்படியே சொன்னார்.

"அந்தக் குரல் என்னைச் சொல்லலன்னா சந்தோஷம். குரலை நான் அன்னைக்கே மன்னிக்கத் தயாராத்தான் இருந்தேன். விடியறதுக்கு முன்ன குளிச்சுட்டு வாசல்ல உக்காந்திருந்தேன். ஊரே பாத்துச்சு. ஒருத்தரும் வரல. அதுக்கு வீடியோ இருக்கா?"

அப்படி ஒரு வீடியோ இந்த உலகத்தில் யாரிடம் இருக்கும்?

அந்த வாரம் முழுக்க அந்த வீடியோ ஊரில் சுற்றியது. என் கடை வாசலில் கூடி நின்று பார்த்து, தோளில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேய்க்கூத்து என்றால் இதல்லவா கூத்து என்றார்கள். எல்லாருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. எசேத்தாவின் வீடு மட்டும் திறந்து கிடந்தது, கோழிகள் ஏறி இறங்கின. நான் கத்தினேன், "சிரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று. காசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எசேத்தா குடும்பம் அக்கரைத் தீவில் தங்கை வீட்டுக் கொல்லையில் தங்கியது. பௌலோவுக்கு அங்கே கடலில் இறங்க உரிமை இல்லை. எசேத்தா மாதம் ஒருமுறை எனக்கு ஃபோன் செய்து, கூட்டம் ஏதாவது சொல்லிச்சா என்று கேட்பாள். இல்லை என்பேன்.

லூபே வேலையை விடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினாள், வகுப்பு எடுத்தாள். ஒருநாள் கேட்டேன், "இன்னும் அதையே சொல்லிக் கொடுக்கறியா? ஒரு ராத்திரி பொறுன்னு?"

"அத ஒண்ண மட்டும் விட்டுட்டேன் அக்கா" என்றாள்.

பிறகு ஒரு சாயங்காலம் ஃபோன்களில் லூபேயின் படம் வந்தது. ஏதோ வகுப்பில் கையை நீட்டிப் பேசுகிற படம். கீழே, வைலோதோவின் தலைவர்கள் ஏழை வீட்டைப் பிடுங்கித் தின்கிறவர்கள் என்று அவள் சொன்னதாக நாலு வரி. லூபே அப்படிப் பேசுகிறவள் இல்லை. பேசியிருந்தால் அவளை நான் கும்பிட்டிருப்பேன். எழுத்துகூடக் கோணல், படம் எங்கேயோ வெட்டி எடுத்தது. அவள் வகுப்பில் கடைசி வரை உட்கார்ந்த எவரும் ஒரு நொடியில் பொய் என்று சொல்லிவிடலாம்.

மறுநாள் இருட்டு பிரியும் நேரம், நான் அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பெரிய தலைவரின் வாசலில் மூன்று உருவங்கள். எலியா, அவன் சித்தப்பா, நடுவில் லூபே. அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பிய நுண்பாய் மூவர் தலைமேலும் கிடந்தது. பாய் ஓரத்தில் அவள் கண்ணாடி மடக்கி வைத்திருந்தது. நான் மாவுக் கையோடு சாலையைத் தாண்டி ஓடிப்போய்க் குனிந்தேன்.

"ஏய், யார் போட்டதுன்னு பாத்தியா?"

"பாக்கல அக்கா. போங்க, விடியப்போவுது" என்றது பாய்க்குள்ளிருந்து அந்தக் குரல்.

தலைவர் அதிக நேரம் காக்கவைக்கவில்லை. வந்து பாயை எடுத்தார், அவள் தோளைத் தொட்டு எழுப்பினார், எல்லாருக்கும் கஞ்சி வந்தது. செலூ வேகமாக வந்து லூபேயின் முழங்கால் மண்ணைத் தன் கையாலேயே தட்டிவிட்டாள்.

"இப்பத்தான்டி நீ எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள். உண்மையான பாசத்தோடுதான் சொன்னாள்.

அதையும் எவனோ படம் எடுத்துவிட்டான். அன்று மதியம் லூபே சோப்பு வாங்கக் கடைக்கு வந்து நின்றபோது என் ஃபோன் அடித்தது. எசேத்தா. என் ஃபோனில் காதில் வைத்துக் கேட்கிற பக்கம் பழுது, சத்தமாக வைத்துத்தான் பேச முடியும்.

"சூசனா, ஃபோட்டோ பாத்தேன். பாய்க்குள்ள இருக்கறது லூபேதானே?"

"ஆமா."

"அவ அப்படிச் சொன்னாளா?"

"இல்லடி. பொய்."

"யார் மொதல்ல போட்டது?"

"தெரியல. அவ பாக்கல."

"ஒரு ராத்திரி பொறுக்கலியா?"

"பொறுக்கல."

பிறகு எசேத்தா கேட்டாள். கோபமே இல்லை, மீன் டின் விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அப்ப எங்கள மட்டும் ஏன் பொறுக்கச் சொன்னா?"

நான் ஃபோனை லூபேயிடம் நீட்டினேன். ஒரு காலத்தில் நாடே காத்திருந்து கேட்ட குரல். அவள் ஃபோனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சோப்பை மேசைமேலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

எசேத்தா இன்னும் லைனில் இருந்தாள்.